மனைவிக்குக் கல்லூரி பார்த்த கதை

கனடாவிலிருந்து வந்த ஒரு படத்தில்தான் எல்லாம் தொடங்கியது. என் மனைவியின் தமையன் அங்கே ஒரு தமிழ்க் கடைக்குச் சாமான் வாங்கப் போனபோது, தட்டில் அடுக்கியிருந்த கறித்தூள் பைக்கற் ஒன்றைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். "தங்கச்சி, இஞ்சை இப்ப எல்லாரும் இதைத்தான் வாங்குகினம். உன்ரை தூள் மாதிரியே மணக்குது" என்று கீழே எழுதியிருந்தார்.

அது அவளுடைய தூளேதான். யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் எங்கள் மில்லில் அரைத்து, சாக்கில் கட்டி, கொழும்பு வியாபாரி ஒருவருக்கு மாதாமாதம் நாங்கள் அனுப்புகிற தூள். அவர் அதைப் பைக்கற்றில் அடைத்துத் தன் பெயரை அடித்துக் கப்பலேற்றுகிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நாங்கள் விற்கிறோம், அவர் வாங்குகிறார். அவர் அதை எங்கே அனுப்புகிறார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பைக்கற்றின் பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பச் சொல்லித் தமையனுக்கு எழுதினாள். அது வந்ததும் அதிலிருந்த சின்ன எழுத்தையெல்லாம் வாசித்தாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஒரு விஷயத்தை அவள் இரண்டாம் தரம் பார்க்கத் தொடங்கினால் அது அந்தளவில் நிற்காது.

அடுத்த நாள் மத்தியானம், சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, நான் படிக்கப் போறன்."

"என்னத்தை?"

"வியாபாரம். எம்.பி.ஏ."

"வியாபாரம்தானே செய்யிறீர். பிறகென்ன படிக்கிறது?"

"செய்யிறது வேறை. இப்ப நாங்கள் செய்யிறது அரைக்கிறது. வியாபாரம் செய்யிறது அந்தக் கொழும்பு ஆள்."

நான் சோற்றைப் பிசைந்தேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, எனக்கு முதலில் வருவது பயம்தான். மில் மோட்டரின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. எட்டாம் வகுப்பில் இருந்தபோது சண்டையால் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது என் வயதுப் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள். மில்லுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் மில்லுக்குப் போனேன். படிப்பு என்றால் பாதியில் நிற்கக்கூடிய ஒன்று என்றுதான் எனக்குத் தெரியும். அவள் அப்படியில்லை. அதே காலத்தில், அதே ஓட்டத்துக்குள், உயர்தரம் எடுத்து, கலியாணம் கட்டி, மகளை மடியில் வைத்துக்கொண்டு வெளிவாரியாக வர்த்தகப் பட்டமும் எடுத்தவள். எந்தப் பாடமும் அவளிடம் பாதியில் நின்றதை நான் காணவில்லை.

படிப்பதற்கு இரண்டு இடங்கள் கிடைத்தன. ஒன்று இங்கேயே, மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில். சனி ஞாயிறு வகுப்பு. கட்டணம் தாங்கக்கூடியது, மில் வருமானத்திலேயே கட்டலாம். மற்றது கொழும்பில். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை அங்கே படிப்பிக்கிற தனியார் கல்லூரி. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை, சனி ஞாயிறு வகுப்பு. அதற்கான பணம் எங்களிடம் இல்லை. வங்கியில் கேட்டபோது மில்லை ஈடு வைக்கலாம் என்றார்கள். அவள் அந்த இடத்திலேயே எழும்பிவிட்டாள்.

"மில்லைத் தொடமாட்டன்" என்றாள் வெளியே வந்து. "உங்களுக்கு நித்திரை வராது. நித்திரை வராத ஆளோடை ஒரு வீட்டிலை இருந்து நான் என்னெண்டு படிக்கிறது?"

மிச்சம் இருந்தது கொடிகாமத்துக் காணி. நாலு பரப்புத் தென்னங்காணி. அவளுடைய தாய் சீதனமாக எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அது தாயிடமிருந்து மகளுக்குப் போய், அவளிடமிருந்து எங்கள் மகளுக்குப் போகவேண்டியது. கொழும்பில் படிப்பதென்றால் அதை விற்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு ஒரு வேலை வந்தது. யாழ்ப்பாணத்துக்கே உரிய தேசவழமைச் சட்டப்படி கலியாணம் கட்டிய பெண் தன் காணியை விற்பதானாலும் புருசனின் சம்மதக் கையெழுத்து வேண்டும். காணி அவளுடையது. தேங்காய் பறிக்க ஆள் விடுவது, வேலி அடைப்பது, வரி கட்டுவது எல்லாம் அவள்தான். ஆனால் நான் கையெழுத்து வைக்காவிட்டால் அதை விற்க முடியாது. எட்டாம் வகுப்புப் படித்தவனின் கையெழுத்து இல்லாமல் பட்டதாரி பட்டப்பின் படிப்புக்குப் போக முடியாது என்றாகிவிட்டது.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய் வடைமாலை சாத்துகிறேன் என்று நேர்ந்தேன். நேர்ந்துவிட்டு வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான், எதற்காக நேர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை என்பது விளங்கியது. அவள் போகவேண்டும் என்றா, போகக் கூடாது என்றா? உள்ளே போய்த் திருத்திக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. பொதுவாக ஒரு நல்லது நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தமையனிடம் விஷயம் போனது. அவர் காணொளி அழைப்பில் வந்தார். கம்பளித் தொப்பியோடு வாகனத்துக்குள் இருந்து கதைத்தார்.

"கொழும்பிலைதான் படிக்கோணும். யோசிக்காதை. வெளிநாட்டுப் பேர் உள்ள பட்டம். இஞ்சை வந்தாலும் செல்லும்."

"இஞ்சை வந்தாலும் எண்டால்? நான் அங்கை வாறதெண்டு ஆர் சொன்னது?"

"இல்லைப் பிள்ளை, ஒரு கதைக்குச் சொன்னனான்."

"அண்ணை, நீங்கள் போன நாள் தொடக்கம் இந்த ஒரு கதையைத்தான் சொல்லுறியள்."

"மச்சான், நீர் என்ன சொல்லுறீர்?" என்று என் பக்கம் திரும்பினார்.

சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று நான் போனை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஆனால் "இஞ்சை வந்தாலும்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குள் இருந்துவிட்டது. இங்கே படித்தால் இங்கே இருப்பாள். அங்கே படித்தால்? காணியும் இல்லாமல், வெளிநாட்டுப் பட்டமும் கையில் இருந்தால், பிறகு மருதனார்மடத்தில் மிளகாய் நெடிக்குள் இருக்க அவளுக்கு என்ன விதி? இதை அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் மறுமொழி சொல்வாள். மறுமொழிக்கும் எனக்குப் பயம்.

அந்த நேரம் மில்லுக்கு ஒரு சாமான் வாங்கக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. போன கையோடு அந்தக் கல்லூரியையும் விசாரித்துக்கொண்டு வருவோம் என்று நினைத்தேன். விசாரிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளை பேசினால், பெண் வீட்டுக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே போகமாட்டார்கள். பக்கத்துக் கடையில் போய் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டு, வேறு எதையோ கேட்க வந்தவர் மாதிரி மெல்ல மெல்லக் கேட்பார்கள். வீடு சொந்தமா, வாடகையா. கடன் கிடன் இருக்கா. இரவில் எத்தனை மணிக்கு வருவார். நானும் கல்லூரிக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் போய் இருந்தேன். கடைக்காரர் மலைநாட்டுப் பக்கத்துத் தமிழர், நல்ல முகம்.

"உந்தக் கட்டடம் சொந்தமோ, வாடகையோ?" என்று கேட்டேன்.

"வாடகைதான்னு நெனைக்கிறேன்."

"நடத்துற ஆள் எப்படி? நல்ல ஆளோ? குடும்பம் கிடும்பம்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், மகளுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

"இல்லை, மனிசிக்கு" என்றுவிட்டேன்.

கடைக்குள் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தேத்தண்ணியைத் துப்பியே விட்டார். நான் அவசரமாக, மனிசி இங்கே படிக்கப் போகிறா, அதைத்தான் விசாரிக்கிறேன் என்று விளங்கப்படுத்தினேன். அதற்குப் பிறகு அவர்கள் இன்னும் கூடச் சிரித்தார்கள். ஆனால் சிரித்துவிட்டுக் கடைக்காரர் எனக்கு இன்னொரு தேத்தண்ணி தந்து, காசு வேண்டாம் என்றார். "படிக்க வைக்கிறீங்களே சார், அது பெரிய விஷயம்" என்றார். நான் படிக்க வைக்கவில்லை, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து நான் கண்டுபிடித்ததை எல்லாம் ஒப்புவித்தேன். கட்டடம் வாடகை. பிள்ளைகள் காரில் வருகிறார்கள். பரீட்சைக் கட்டணம் இங்கிலாந்துப் பவுணில். பவுண் ஏறினால் கட்டணமும் ஏறும். வாசலில் காவலுக்கு நிற்கிறவர் மரியாதையாகப் பேசுகிறார். வகுப்பு முடிந்தாலும் ஆட்கள் உடனே போவதில்லை, வாசலில் நின்று கனநேரம் கதைக்கிறார்கள்.

அவள் மிளகாய் கிள்ளிக்கொண்டே கேட்டாள். முடிய, "நான் என்ன அவையைக் கலியாணமே கட்டப் போறன்?" என்றாள். பிறகு கையை நிறுத்திவிட்டு, "பவுண் கதை நல்ல கதை. அதை நான் கேக்கோணும். வாசலிலை நிண்டு கதைக்கிறவை எண்டது அதைவிட நல்ல கதை. ஆர் அவை, என்ன வேலை செய்யிறவை எண்டு கேட்டனீங்களோ?"

"கேக்கேல்லை."

"அதைத்தானே கேட்டிருக்கோணும். வாடகை வீடு எண்டதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறியள்."

அவள் விசாரித்த முறை வேறு. அதைச் சொல்வதற்கு அவள் செத்தல் மிளகாய் வாங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். கொடிகாமச் சந்தைக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் போவோம். வியாபாரி சாக்கின் வாயைத் திறந்து, மேலே கிடக்கிற மிளகாயை அள்ளிக் காட்டுவார். சிவப்பாக, காம்பு உதிராமல், பார்க்கவே நன்றாக இருக்கும். நான் அதைப் பார்த்துத் தலையாட்டுவேன். அவள் மேலே கிடப்பதைப் பார்க்கவே மாட்டாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, நடுச் சாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து வெளியே கொண்டுவருவாள். அதை உடைத்து மணப்பாள். அதன் பிறகுதான் விலை. சில வியாபாரிகளுக்கு அது பிடிக்காது. "தங்கச்சி, நம்பிக்கை இல்லையோ?" என்பார்கள். "உங்களிலை நம்பிக்கை இருக்கு அண்ணை. சாக்கிலைதான் இல்லை" என்பாள்.

கல்லூரிகளிலும் அவள் அதையேதான் செய்தாள். இரண்டு இடத்திலும் புதிதாகச் சேர வருகிறவர்களுக்கென்று ஒரு அறிமுக நாள் வைத்தார்கள். சிற்றுண்டி, படம், பேச்சு, கோப்பு, பேனை. அவள் இரண்டுக்கும் போகவில்லை. "அது மேலை கிடக்கிற மிளகாய்" என்றாள். அதற்குப் பதிலாக, சாதாரண ஒரு சனிக்கிழமை, சாதாரண ஒரு வகுப்பில் பின்வரிசை வாங்கில் இருந்து கேட்க விடச் சொல்லி இரண்டு இடத்துக்கும் எழுதினாள்.

இங்கே உடனே விட்டார்கள். போனாள், வந்தாள். வரும்போது முகம் நன்றாக இருந்தது.

"நல்லாப் படிப்பிக்கினம். அந்த விரிவுரையாளர் ஒரு பிள்ளை விளங்கேல்லை எண்டு சொல்ல, திரும்ப முதலிலை இருந்து வந்தவர். அலுக்கேல்லை."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. "அப்ப இஞ்சையே படியுமன்! காசும் குறைவு. பஸ் ஏறத் தேவையில்லை. பின்னேரம் வீட்டை வந்திடலாம்."

"பொறுங்கோ. ஒரு சாக்குத்தான் பாத்திருக்கிறன்."

கொழும்பில் விட மறுத்தார்கள். அறிமுக நாளுக்கு வாருங்கள், அதில் எல்லாம் விளக்குவோம் என்றார்கள். அவள் மூன்றாம் தரமும் கேட்டாள். கடைசியில், சரி, ஒரு தரம் வாருங்கள் என்றார்கள். நானும் கூடப் போனேன். தனியே விட எனக்கு மனமில்லை. வகுப்புக்குள் நான் போகவில்லை. கீழே, சேருகிற ஆட்களுக்குப் போட்டிருந்த கதிரையில் இருந்தேன். குளிரூட்டி எனக்கு நேரே அடித்தது. இந்தக் கதிரைக்கும் சேர்த்துத்தான் காணி போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இறங்கி வரும்போது தனியே வரவில்லை. ஒரு மெல்லிய பொடியனும், ஒரு நடுத்தர வயதுச் சிங்களப் பெண்ணும் கூட வந்தார்கள். மூன்று பேரும் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டு வந்தார்கள். அவள் ஆங்கிலத்தில் அப்படிக் கதைப்பதை நான் அதுவரை கேட்டதில்லை. வேகமாக இல்லை. ஒவ்வொரு சொல்லையும் வைத்து வைத்துக் கதைத்தாள். ஆனால் நிறுத்தவில்லை. நான் கதிரையிலிருந்து எழும்பாமல், ஆரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாணம் கட்டி இவ்வளவு வருசத்துக்குப் பிறகு அப்படிப் பார்க்கக் கிடைப்பது எல்லாருக்கும் கிடைக்காது.

அன்றைக்கு வகுப்பில் ஒரு கறுவாப்பட்டை ஏற்றுமதிக்காரரின் பிரச்சினையைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அவருடைய பெட்டிகள் வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டன. ஏன், என்ன செய்யலாம் என்று விரிவுரையாளர் கேட்டிருக்கிறார். அந்தப் பொடியன் கப்பல் நிறுவனம் ஒன்றில் வேலை. பெட்டி எங்கே மறிக்கப்படும், எந்தப் பத்திரம் இல்லாவிட்டால் மறிப்பார்கள் என்று அவன் சொல்லியிருக்கிறான். அந்தப் பெண் தேங்காய்ப்பால் ஏற்றுமதி செய்கிறவர். பைக்கற்றில் எதை எழுதாவிட்டால் எந்த நாட்டில் திருப்பி அனுப்புவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். பின்வாங்கில் இருந்து கேட்க மட்டும் வந்த என் மனைவியும் கையை உயர்த்தி, மூன்று வருசத்துக்கு முந்தி லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவருக்கு நாங்கள் அனுப்பிய தூள் பார்சல் திரும்பி வந்த கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தவை. எனக்குக் காது சுட்டிட்டுது" என்றாள்.

"பிறகு?"

"பிறகென்ன. அந்த ஒரு வகுப்பிலை, மூண்டு வருசமா எனக்குள்ளை கிடந்த கேள்விக்கு மறுமொழி வந்திட்டுது. ஏன் திரும்பி வந்ததெண்டு இப்பதான் விளங்குது."

பிறகு, கீழே இருந்த கட்டணப் பொறுப்பாளரிடம் போனோம். கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர். "மேடம், எங்க பட்டத்துக்கு உலகம் முழுக்க மதிப்பு" என்று தொடங்கினார். அவள் அதை முடியவிட்டாள். முடிந்த பிறகு கேட்டாள்.

"தம்பி, இஞ்சை படிச்ச ஆக்களிலை சொந்தத் தொழில் செய்யிற ரெண்டு பேரோடை நான் கதைக்கோணும். நீங்கள் தெரிஞ்செடுத்த ஆக்கள் வேண்டாம். பட்டியலைத் தாங்கோ, நான் தெரிஞ்செடுக்கிறன்."

அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். "மேடம், பேர் எல்லாம் அப்படிக் குடுக்க முடியாது."

"சரி, அப்ப அவையைக் கேட்டு, விருப்பமெண்டால் என்னோடை கதைக்கச் சொல்லுங்கோ. மற்றது, பரீட்சைக் காசு பவுணிலை எண்டு கேள்விப்பட்டன். பவுண் ஏறினால் ஆர் பொறுப்பு? சேருற அண்டைக்கு என்ன விலையோ, அதையே ரூபாயிலை நிறுத்தித் தருவியளோ?"

"அது மேல கேக்கணும் மேடம்."

"கேளுங்கோ. நாங்கள் இருக்கிறம். இவருக்கும் அவசரமில்லை" என்று என்னைக் காட்டினாள். எனக்கு அவசரம்தான். பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று ஏற்கெனவே யோசிக்கத் தொடங்கிவிட்டேன். ஆனாலும் அவசரமில்லாத ஆள் மாதிரி இருந்து காட்டினேன். அந்த நாளில் நான் செய்த உதவி அது ஒன்றுதான். தம்பி மேலே போய்விட்டு வந்து, ரூபாயில் நிறுத்தலாம், தவணைக்குத் தவணை கட்டலாம் என்றார். "எழுத்திலை" என்றாள். எழுத்தில் தந்தார். எங்களை வாசல் வரை கொண்டுவந்து விட்டபோது, "மேடம், நீங்க ஏற்கெனவே படிச்ச மாதிரி இருக்கே" என்றார் அந்தத் தம்பி. அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்து இரண்டு மூன்று நாளுக்குள், கல்லூரி சொல்லி அங்கே படித்த இரண்டு பேர் அழைத்தார்கள், அவள் கனநேரம் கேள்வி கேட்டாள். ஒரு பின்னேரம் மில்லைச் சாத்திவிட்டு, தூள் படிந்த மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"கொழும்பு."

"ஏன்?"

"நான் ஒரு கந்தோரிலை மேலை போக நினைச்சிருந்தால் இஞ்சைதான் படிப்பன். இஞ்சை ஒரு குறையும் இல்லை. அந்த வகுப்பிலை இருந்த ஆக்கள் முழுக்க வங்கியும் திணைக்களமும். அவைக்கு அதுதான் சரி. எனக்கு வேணும் கப்பல் தெரிஞ்சவன், பைக்கற் தெரிஞ்சவள். படிப்பிலை பாதி புத்தகம், பாதி கூட இருக்கிற ஆக்கள். நான் போற இடத்துக்கு அங்கை இருக்கிற ஆக்கள்தான் போகினம்."

"படிச்சிட்டு எங்கை போறீர்?"

கேட்டுவிட்டேன். இவ்வளவு நாளும் கேட்காமல் வைத்திருந்ததை மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டுவிட்டேன். அவள் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உதுதானோ இவ்வளவு நாளும் உங்களுக்குள்ளை கிடந்தது? அண்ணை ஒரு கதைக்குச் சொன்னதையோ? எங்கை போறது? இஞ்சைதான். பைக்கற்றிலை என்ரை பேரைப் போட்டு, கீழை மருதனார்மடம் எண்டு அடிச்சு அனுப்போணும். மருதனார்மடம் எண்டு அடிச்சுப்போட்டு நான் ஸ்காபரோவிலை அண்ணை வீட்டிலை இருந்தால் அது பொய்யெல்லே."

இதை மகளும் கேட்டுக்கொண்டு நின்றாள். பத்தாம் வகுப்பு. அந்தக் காணி அவளுக்கு வரவேண்டியது என்ற யோசனையில் நான் அவளைப் பார்த்தேன்.

"அப்பா, எனக்குத் தென்னங்காணி வேண்டாம். அம்மான்ரை கொம்பனியிலை பங்கு தந்தால் காணும்" என்றாள்.

"முதல் கணக்கிலை பாஸ் பண்ணு. பிறகு பங்கு கேக்கலாம்" என்றாள் தாய்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் வாயைத் திறந்து சம்மதம் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பக்கத்துக் காணிக்காரர் வாங்குவதற்கு வந்தார், விலை பேசினாள், நாள் வைத்தாள். "வியாழக்கிழமை நொத்தாரிசிட்டைப் போகோணும்" என்று மட்டும் சொன்னாள். நான் சேர்ட்டை அயன் பண்ணி வைத்தேன்.

காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு வயதான மனிதர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். உறுதியை முழுதாக வாசித்தார், எல்லை, பரப்பு, கிணற்றுப் பங்கு எல்லாம். பிறகு பேனையை என் பக்கம் தள்ளினார்.

"தம்பி, உமது சம்மதம் இல்லாமல் இது செல்லாது."

"ஐயா, இந்தக் காணி என்ரை அம்மா தந்தது" என்றாள் அவள். "இவர் அங்கை வந்து ஒரு தேங்காய் பொறுக்கினதில்லை."

"சட்டம் அப்பிடிப் பிள்ளை."

"நான் சட்டத்தைப் பேசேல்லை. சும்மா சொன்னனான்."

வாங்குகிறவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முற்றத்தைப் பார்த்தார். நொத்தாரிசு சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தம்பி, மனம் ஒத்துத்தான் வைக்கிறீரோ? இல்லையெண்டால் ரெண்டு பேரும் வெளியிலை போய்க் கதைச்சிட்டு வாங்கோ. எனக்கு நேரமிருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். "வையுங்கோ" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தப் படம் வந்த நாளிலிருந்து, தேடியது, எழுதியது, பின்வாங்கில் இருந்தது, விலை பேசியது எல்லாம் செய்தவள், இந்த ஒரு கையெழுத்தை மட்டும் என்னிடம் ஒரு நாளும் கேட்கவில்லை. அவள் கேட்டால் நான் பயத்தில் வைத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பயத்தில் வைத்த கையெழுத்து அவளுக்கு வேண்டாம்.

"மனம் ஒத்துத்தான் ஐயா" என்றேன். வைத்தேன். கை நடுங்கிக் கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றார் நொத்தாரிசு.

வெளியே வந்து, மில்லுக்குச் சாமான் ஏற்றுகிற எங்கள் வானுக்குள் ஏறினோம். அவள் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"கை ஏன் அப்பிடி நடுங்கினது?"

"பயம்தான். வேறை என்ன."

"எனக்கும்தான்."

"உமக்கோ?"

"பின்னை? படிக்கப் போறன் எண்டு சொன்ன நாளிலை இருந்து பயம். இந்த வயதிலை ஏலுமோ, காசும் போய்ப் படிப்பும் வராமல் போகுமோ, அம்மான்ரை காணியை வித்துப்போட்டு நிக்கிறனே எண்டு. அங்கை வகுப்பிலை கையை உயத்திப்போட்டு, இறக்கிவிடுவமோ எண்டு நினைச்சனான்."

"எனக்கு ஒருக்காலும் சொல்லேல்லையே."

"சொன்னால் நீங்கள் ரெண்டு பேருக்கும் சேத்துப் பயப்பிடுவியள். பிறகு ஆர் பஸ் புக் பண்ணுறது?"

நான் வானை எடுக்காமல் இருந்தேன். இவ்வளவு காலமும், அவளுக்குப் பயம் கிடையாது, அதனால்தான் செய்கிறாள், எனக்குப் பயம், அதனால்தான் செய்யவில்லை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் பங்குக்கு அது வசதியான கணக்கு. அவள் என்னைவிட நல்லாய்ப் பயந்துகொண்டே இத்தனையையும் செய்து முடித்திருக்கிறாள் என்றால், அவளை என்ன சொல்லிப் புகழ்வது என்று எனக்குத் தெரியவில்லை. படித்திருந்தால் ஒரு சொல் கிடைத்திருக்கும்.

"எடுங்கோ, வெய்யில்" என்றாள்.

இப்போது அவளுக்கு இரண்டாவது வருடம். தூள் இன்னும் எங்கள் பெயரில் கப்பலேறவில்லை. மாதிரிப் பைக்கற் ஒன்று போய், அதில் இரண்டு திருத்தம் சொல்லித் திரும்பி வந்திருக்கிறது. தேங்காய்ப்பால் ஏற்றுமதி செய்கிற அந்தப் பெண் ஒரு முறை மில்லுக்கு வந்து, வறுக்கிற இடத்தில் நின்று தும்மித் தும்மிப் படம் எடுத்துக்கொண்டு போனார். காணி போனது போனதுதான். இது சரிவருமா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாதாம். கேட்டேன்.

வகுப்புக் கிழமைகளில், வெள்ளிக்கிழமை பின்னேரம் நான்தான் பஸ்ஸடிக்குக் கொண்டுபோய் விடுவேன். பையைக் கொடுக்கும்போது, "பயமோ?" என்று கேட்பேன்.

"ஓம்" என்பாள். சொல்லிவிட்டு ஏறிவிடுவாள்.